வேளாங்கண்ணியில் ஒரு பற்றுச்சீட்டு

பங்குச் சுவாமியார் என்னிடம் கேட்டது ஒரு சிறிய உதவிதான். வேளாங்கண்ணிக்குப் போக முப்பத்தாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலானோர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள், விசாப் படிவத்தைக் கணினியில் நிரப்பத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆனால் முல்லைத்தீவுக் கரையோரத்திலுள்ள அந்த ஊரில் பத்து வருடமாகச் சமூகப் பணியாளராக வேலை செய்வதால் அவர்களுடைய கோயில் எனக்குப் புதிய இடமல்ல. படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். "நீங்களும் வாங்கோ மிஸ். அங்கை போய் ஒரு துண்டு நிரப்பவேணும் எண்டால் நாங்கள் ஆரைப் பிடிக்கிறது?" என்று பெண்கள் கேட்டார்கள். முப்பத்தேழாவது படிவத்தை எனக்காக நிரப்பினேன்.

இதை வாசிக்கும் உங்களில் எத்தனையோ பேர் படிவங்கள் நிரப்பிக் களைத்தவர்கள். இடம்பெயர்ந்தவர் படிவம், மீள்குடியேற்றப் படிவம், வீட்டுத்திட்டப் படிவம், காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழுக்களின் படிவம். எங்கள் பெண்களும் அப்படித்தான். கணவர் பெயர் என்ன, எங்கே பிறந்தவர் என்று விசாப் படிவம் கேட்டதும் கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு அக்கா, "இதிலை அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு கேக்கேல்லைத்தானே? அப்ப எழுதுங்கோ" என்று உற்சாகமாகச் சொன்னார். முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னார். நான் தட்டச்சுச் செய்து முடித்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுத நினைத்தது இன்னொரு அம்மாவினால். அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கணவர் 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்கு முன்பே நோயால் இறந்துவிட்டார். ஒரே மகன். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் என்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் தனியே வந்து பதியுங்கள் என்று அறிவித்தார்களாம். பதிந்தான். பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏறும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான் என்பது மட்டுமே அவரிடம் மீதி இருக்கிறது.

அவருக்கு நான் ஒரு பிழை செய்திருக்கிறேன். 2019 ஆம் ஆண்டில் நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் தனித்து வாழும் பெண்களுக்குக் கோழிக்குஞ்சும் தீனும் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தில் குடும்ப உறுப்பினருக்கு எதிரே இரண்டே இரண்டு கட்டங்கள்: உயிருடன் உள்ளார், மரணித்துவிட்டார். உயிருடன் என்று போட்டால் உழைக்கக்கூடிய வயதில் மகன் இருக்கிறான் என்று விண்ணப்பம் தள்ளுபடியாகும். மறுநாள் முடிவுத் திகதி. அவரைக் கேட்காமலே இரண்டாவது கட்டத்தில் சரி போட்டுவிட்டேன். இருபது குஞ்சுகள் கிடைத்தன. நான்கைந்து மாதம் கழித்துத் திட்டத்தைப் பார்வையிட வந்த ஒருவர், கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "மகன் எப்ப செத்தவர் அம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் காலை எங்கள் அலுவலக வாசலில் இரண்டு பனையோலைக் கடகங்கள் இருந்தன. வலையால் மூடிக் கட்டியிருந்தார். உள்ளே கோழிகள். பதினேழு. "மூண்டைக் கீரி பிடிச்சிட்டுது மிஸ், அதுக்குக் காசு தாறன்" என்றார். அதற்கு முன்பு அவர் என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிடுவார். அன்றிலிருந்து 'மிஸ்' தான்.

சமூகவியல் படித்த காலத்தில் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் படித்திருந்தேன். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பேசி, இறந்தார் என்றும் சொல்ல முடியாத, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாத அந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் கொடுத்தவர். பரீட்சையில் அதை நன்றாகவே எழுதினேன். 2016 ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தபோது ஊர் ஊராகப் போய் அதை விளக்கியவளும் நான்தான். கணவரின் பெயரில் காணியும் வங்கிக் கணக்கும் இருந்த பெண்கள் சிலருக்கு அது உதவியது. இத்தனையும் தெரிந்தவள்தான் அந்தக் கட்டத்தில் சரி போட்டாள்.

2025 மார்ச் நடுப்பகுதியில் புறப்பட்டோம். தவக்காலம். முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 மார்ச் 8 ஆம் திகதி தொடங்கிய போராட்டத்திற்கு எட்டு வருடம் நிறைந்திருந்தது. அங்கே மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே அம்மா ஒரு வாரத்தில் அதே படத்தைப் பயணப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். கத்தோலிக்கருக்கு அது யூபிலி ஆண்டு. 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற யூபிலி வாசகத்தைத் துணியில் எழுதிப் பஸ்ஸின் முன்பக்கம் கட்டியிருந்தார்கள்.

"எதிர்நோக்கு எண்டால் என்ன சுவாமி?" என்று அவர் கேட்டார்.

"நம்பிக்கையோடை காத்திருக்கிறது அம்மா."

"அப்ப அது எங்கடை வேலைதான்" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

அதிகாலை நான்கு மணி இருட்டில் பஸ் புறப்பட்டது. புறப்பட்டவுடன் செபமாலை தொடங்கினார்கள். முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்குப் போகும் வழி உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் வட்டுவாகல் பாலம். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அந்த ஒடுங்கிய பாலத்தில் பஸ் மெதுவாக ஏறியதும் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் நின்றது. மற்றவர்களும் பதில் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பாலம் முடிந்து சிறிது தூரம் போன பிறகு, விட்ட மணியிலிருந்து தொடர்ந்தார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

காங்கேசன்துறையில் சோதனைகள் முடிந்து கப்பலில் ஏற மதியத்துக்கு மேலாகிவிட்டது. 2023 ஒக்ரோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கிய சேவை இது. நாகப்பட்டினத்துக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். கப்பல் என்றதும் மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தோம். உள்ளே பஸ்ஸைப் போல வரிசையாக இருக்கைகள், மூடிய கண்ணாடி, குளிரூட்டி. "காத்தில்லாத கடலோ?" என்று ஒரு அம்மா முகம் சுளித்தார். கடலை நம்பி வாழும் குடும்பங்கள்தான், ஆனால் முதலில் சத்தி எடுத்தது அவர்கள்தான்! நான் பயந்து பயந்து தேசிக்காயை மணந்துகொண்டு இருந்ததில் தப்பினேன். மறு இருக்கைக்காரருக்குப் பையைப் பிடிப்பது, முதுகைத் தடவுவது என்று பாதி வழி போயிற்று.

ஒரு அக்காவுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் குழுவில் அவருக்கு 'மண்டபம் அக்கா' என்று பெயர். 1990 ஆம் ஆண்டில் கைக்குழந்தையோடு மீன்பிடிப் படகில் இரவிரவாகக் கடல் கடந்து, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். யுத்தநிறுத்த காலத்தில் ஊருக்குத் திரும்பினார். "அப்ப கழுத்தளவு தண்ணியிலை இறங்கி நடந்தனான். இந்த முறை சீல் குத்திப் போறன்" என்று கடவுச்சீட்டை விரித்து எல்லோருக்கும் காட்டினார். திரும்பி வந்த பிறகு சுனாமியும் 2009 உம் அவருக்குக் காத்திருந்தன. அதைப் பற்றி அவர் கப்பலில் ஒன்றும் சொல்லவில்லை.

நாகப்பட்டினத்தில் இறங்க வெயில் தாழ்ந்துவிட்டது. அங்கிருந்து வேளாங்கண்ணி பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். வானில் ஏறிய களைப்பில் பலர் தூங்கிவிட்டார்கள். வெளிச்சத்தில் வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்ததும் யாரோ "அம்மா!" என்று சத்தமிட, அத்தனை பேரும் எழுந்து யன்னல் பக்கம் சாய்ந்தார்கள். வான் ஒரு பக்கம் சரிந்ததைப் போல இருந்தது. அன்றிரவு விடுதியில் படுக்கும்வரை அவர்களுடைய கதை முழுவதும் சோற்றைப் பற்றித்தான். சிவப்பரிசி இல்லை, சம்பல் இல்லை, தேங்காய்ப்பால் விட்ட குழம்பு இல்லை.

இரண்டாம் நாள்தான் ஊரைப் பார்த்தேன். மடுவுக்கு ஆவணித் திருவிழாவுக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு. அது காடு. இது கடற்கரை. கோயிலிலிருந்து மாதா குளம் இருக்கும் இடம்வரை மணல் விரித்த ஒரு நீண்ட பாதை உண்டு. அதில் முழங்காலில் போகிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். மொட்டை அடித்த தலைகளில் சந்தனம். மாதா சேலை உடுத்தி நிற்கிறாள். பிள்ளை வரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில்களும் மஞ்சள் கயிறுகளும் கட்டியிருக்கிறார்கள். கடைகளில் தகட்டில் செய்த கை, கால், கண், வீடு எல்லாம் விற்கிறார்கள். நோய் எந்த உறுப்பிலோ அதை வாங்கிக் காணிக்கை வைப்பது வழக்கம். எங்கள் குழுவில் இரண்டு முழங்கால் விலை போனது.

கடைக்காரர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "நீங்க கேரளாவா?" என்று கேட்டார். அடுத்த கடையிலும் அதே கேள்வி. மூன்றாவது கடையில் மண்டபம் அக்கா முந்திக்கொண்டு, "நாங்க சிலோன்ங்க" என்று அவர்களுடைய தமிழிலேயே சொன்னார். முகாமில் கற்ற தமிழ் மறக்கவில்லை.

இந்தத் தலத்தைப் பற்றி மூன்று கதைகள் சொல்கிறார்கள். பால் கொண்டுபோன சிறுவனின் கதை, மோர் விற்ற கால் ஊனமான பையனின் கதை, மூன்றாவது புயலில் அகப்பட்ட போர்த்துக்கீசக் கப்பலோட்டிகளின் கதை. மக்காவுவிலிருந்து கொழும்புக்கு வரவேண்டிய கப்பல் இந்தக் கரையில் உயிரோடு ஒதுங்கியதாம். செப்ரெம்பர் 8 ஆம் திகதி ஒதுங்கினார்கள் என்பதால் அன்றுதான் பெரிய திருவிழா. 1962 ஆம் ஆண்டில் பாப்பரசர் 23 ஆம் அருளப்பர் இதைப் பசிலிக்கா ஆக்கினார். கப்பல் கதையைச் சுவாமியார் சொல்லி முடித்ததும் ஒரு அம்மா, "அப்ப அவங்கடை தாய்மாருக்கு ஆர் போய்ச் சொன்னது, பிள்ளையள் தப்பிட்டாங்கள் எண்டு?" என்று கேட்டார். சுவாமியாரிடம் அதற்குப் பதில் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு சுனாமியில் இறந்தவர்களின் நினைவிடத்துக்குப் போனோம். 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணி யாத்திரிகரால் நிறைந்திருந்தது. கரையில் நின்ற நூற்றுக்கணக்கானோரைக் கடல் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6000 பேருக்கு மேல். அதே காலையில் அதே கடல்தான் முல்லைத்தீவுக்கும் வந்தது. எங்கள் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெழுகுதிரி கொளுத்தினார்கள். காற்றில் அணைந்தது, திரும்பவும் கொளுத்தினார்கள். சுனாமியில் இரண்டு பெண் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருவர் எழும்பி, சேலையில் மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கெண்டால் ஒரு திகதி இருக்கு. ஒரு குழி இருக்கு. போய் இருந்து அழ ஒரு இடமிருக்கு." சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற அந்த அம்மாவின் கையைப் பிடித்தார். இருவரும் அப்படியே நடந்து வந்தார்கள்.

மாலையில் பூசைக்குக் கொடுக்கப் போனோம். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு: ஒரு கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விரும்பினால் அலுவலகத்தில் பெயரும் காணிக்கையும் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்வார்கள். நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் இருந்த ஐயா களைத்துப் போயிருந்தாலும் அன்பாகவே பேசினார். முழங்கால் சுகம், மகளின் கலியாணம், கனடாவிலிருக்கும் மருமகனின் வேலை, கணவரின் ஆன்ம இளைப்பாற்றி என்று எங்களவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் பேனையோடு பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாவின் முறை வந்தது. மகனின் பெயரைச் சொன்னார். ஐயா எழுதினார்.

"என்ன கருத்துக்கும்மா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இருக்காரா, தவறிட்டாராம்மா? நலனுக்கா, ஆன்மாவுக்கா?"

அதே இரண்டு கட்டங்கள்! என் காது சூடாகிவிட்டது. அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஐயா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வயது குறைந்தவள், கையில் பேனை, கூட வந்தவள். யாருக்கும் என்னைத்தான் கேட்கத் தோன்றும்.

"மேடம், நீங்க சொல்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கல்ல?"

நலனுக்கு என்று போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுதானே அவருக்குச் சந்தோஷம், அதுதானே அவர் எட்டு வருடம் தெருவில் இருந்து சொன்னது என்று நினைத்தேன். 2019 இலும் இப்படித்தான், அவருக்கு நல்லது எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிடமாகவும் இருக்கலாம். வரிசையில் யாரோ 'உச்' கொட்டினார்கள். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பார்த்ததாகத்தான் எனக்குப் பட்டது. பிறகு ஐயாவிடம் திரும்பினார்.

"அவன் பயணத்திலை இருக்கிறான்" என்றார்.

"வெளிநாடாம்மா?"

"தெரியேல்லை ஐயா. 2009 இலை பஸ்ஸிலை ஏறினவன். இன்னும் வந்து சேரேல்லை."

அவர் பேனையைப் பிடித்தபடி சிறிது நேரம் இருந்தார். 2009 என்றால் என்ன என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எழுதினார். பற்றுச்சீட்டைக் கிழித்து, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா சீட்டை என்னிடம் நீட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியும், கண்ணாடி விடுதியில் இருந்தது. "என்ன எழுதியிருக்கு, வாசியுங்கோ."

மகனின் பெயர். அதற்குக் கீழே, 'பயணத்திலிருக்கும் பிள்ளைக்காக'. வாசித்தேன். "திரும்பவும் வாசியுங்கோ" என்றார். திரும்பவும் வாசித்தேன். மகனின் படமும் அடையாள அட்டைப் பிரதியும் இருந்த பொலித்தீன் பைக்குள் சீட்டை வைத்து மடித்தார்.

இவ்வளவு காலமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்து, கேட்காமலே இருந்தேன். மணலில் நடந்துகொண்டிருக்கும்போது, "அந்தக் கோழிப் படிவத்திலை நான் உங்களைக் கேட்டிருக்கவேணும் அம்மா" என்றேன். அவர் நடையை நிறுத்தவில்லை. "கேட்டிருந்தாலும் அண்டைக்கு என்னட்டை மறுமொழி இருந்திருக்காது" என்றார். கொஞ்சத் தூரம் போய், "ஆனால் கேட்டிருக்கவேணும்" என்றார்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பூசை. நான் பின்வரிசையில் இருந்தேன். கருத்துக்களை ஒலிபெருக்கியில் வேகமாக வாசித்தார்கள். ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தும் அவனுடைய பெயர் எனக்குக் கேட்கவில்லை. தவறவிட்டார்களோ என்று பயந்தேன். பூசை முடிந்து வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கேட்டேவிட்டேன்.

"வாசிச்சவை. வடிவாக் கேட்டது" என்றார்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் நாகப்பட்டினம் போய் வருவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கோயில் வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையைக் காட்டினார்.

"மூண்டு நாளாப் பால் தேத்தண்ணி குடிச்சு வயிறு ஊதிப்போச்சு. இவையளிட்டை வெறும் தேத்தண்ணி எண்டு எப்பிடிக் கேக்கிறது பிள்ளை?"

"பிளாக் டீ எண்டு கேளுங்கோ அம்மா" என்றேன். அவரே போய் இரண்டு சொல்லிவிட்டு வந்தார். வாங்கில் இருந்தோம்.